சாப்ட்பாலில் மாற்றாளும் இரவல் ஓட்டக்காரரும்

கிரிக்கெட்டில் பழகிய நம் மாணவ நண்பர்கள் சாப்ட்பால் ஆட்டத்தை முதன்முறை காணும்பொழுது திகைக்கும் இடங்கள் இரண்டு. வெளியே போன ஆட்டக்காரர் மீண்டும் உள்ளே வருகிறார். பந்தை அடித்தவர் ஒருவர், அவருக்காக ஓடுபவர் மற்றொருவர். இரண்டும் ஒரே விதியின் பாற்பட்டவை என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று.

மாற்றாள் விதியில் ஆளைவிட, பேட்டிங் வரிசையில் அவர் பெற்ற இடமே முக்கியம். மூன்றாம் இடத்தில் ஆட்டத்தைத் தொடங்கியவர் வெளியேறினால், அவருக்கு மாற்றாக வருபவரும் மூன்றாம் இடத்தில்தான் அடிக்க வேண்டும். தொடங்கியவர் ஒருமுறை திரும்பி வரலாம். அதுவும் அதே மூன்றாம் இடத்திற்கே. மறுபடியும் வெளியேறினால் அந்த ஆட்டத்தில் அவருக்கு இடமில்லை. பேஸ்பாலில் இந்த அளவு சலுகையும் கிடையாது, போனவர் போனவரே. மாற்றாளாக வந்தவருக்கு மீளும் உரிமை உண்டா என்பதில் விதிநூல்கள் வேறுபடுகின்றன. ஆதலின் போட்டிக்கு முன்பே அதைக் கேட்டறிதல் நலம். ஒவ்வொரு மாற்றத்தையும் அம்பயரிடம் தெரிவிக்க வேண்டும்.

இரவல் ஓட்டக்காரர் மாற்றாள் அல்லர். அவர் வந்ததால் எவரும் ஆட்டத்தை விட்டு வெளியேறியதாகக் கணக்கில்லை. கிரிக்கெட்டில் ரன்னர் காயமுற்றவருக்காக வந்தவர். சர்வதேசப் போட்டிகளில் அவ்வழக்கம் 2011-ல் நீக்கப்பட்டது. சாப்ட்பாலிலோ காயமே தேவையில்லை. கேட்சர் முகமூடி, மார்புக்காப்பு, கால்காப்பு எல்லாம் அணிய வேண்டியவர். இருவர் அவுட்டான நிலையில் அவர் பேஸில் நின்றால், அடுத்த பந்திலேயே மூன்றாமவரும் அவுட்டாகலாம். பின்னர் அவர் கவசம் பூணும்வரை அனைவரும் காத்திருக்க வேண்டும். இந்தக் காலவிரயத்தைத் தவிர்க்கவே உலகக் கூட்டமைப்பின் விதி, அந்நிலையில் கேட்சருக்குத் தற்காலிக ஓட்டக்காரரை அனுமதிக்கிறது.

ஓடுபவர் யார்? அணி விரும்பிய வேகக்காரர் அல்லர். பேஸில் நில்லாதவர்களுள் எவருடைய பேட்டிங் முறை கடைசியாக வருமோ, அவர். ஐந்தாம் இடத்துக் கேட்சர் இரண்டாம் பேஸிலும், ஆறாமவர் முதல் பேஸிலும் நிற்க, ஏழாமவர் அடிக்க வருகிறார் என்போம். நான்காமவர் பேஸில் இல்லையெனில் அவரே ஓட வேண்டும். மூன்றாம் பேஸில் நின்றால் மூன்றாமவர். அடிக்கும் முறை வெகுதூரத்தில் உள்ளவரை அனுப்புவதால், பேஸில் நிற்கும்போதே அவருடைய முறை வந்துவிடும் சிக்கல் எழுவதில்லை.

அமெரிக்க உயர்நிலைப்பள்ளி விதி வேறு. அங்கே பிட்சருக்கும் கேட்சருக்கும் ‘கர்ட்டசி ரன்னர்’ உண்டு. இருவர் அவுட்டாகும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஆனால் ஓடுபவர் அந்த ஆட்டத்தில் அதுவரை ஆடாதவராக இருத்தல் வேண்டும். ஒருவரே பிட்சருக்கும் கேட்சருக்கும் ஓடவும் கூடாது. பெஞ்சில் ஆள் நிறைந்த அணிக்கு அது வசதி. பத்துப் பேரைத் திரட்டுவதற்கே விடுதி விடுதியாகக் கதவு தட்டும் அணிக்கு, களத்தில் இருப்பவரையே ஓடச் சொல்லும் உலக விதிதான் உதவும்.