வீட்டுக்கு வண்ணம் அடிக்குமுன்

மார்கழி பிறந்ததும் பல வீடுகளில் ஒரு பேச்சு எழும்: "பொங்கலுக்குள் வெள்ளையடித்துவிட வேண்டும்." பெரியவர்கள் ஆளுக்குச் சொல்லியனுப்புவார்கள். அவர் வந்து சுவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு தொகையைச் சொல்வார். பேரம் நடக்கும். இரண்டு நாளில் பாத்திரம் பண்டமெல்லாம் முற்றத்துக்கு வந்துவிடும். இத்தனைக்கும் நடுவே பள்ளியில் படிக்கும் உங்களுக்குக் கிடைக்கும் வேலை, பரணிலிருந்து இறக்கும் பெட்டிகளைச் சுமப்பதுதான். ஆனால் இந்த வேலையைத் திட்டமிடுவதற்கு வேண்டிய கணிதமும் வேதியியலும் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கின்றன. அளவு நாடா, பென்சில், ஒரு தாள், சிறிது மஞ்சள் தூள் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவு. ஓர் அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 44 அடி. உயரத்தால் பெருக்கினால் நான்கு சுவர்களும் சேர்ந்து 440 சதுர அடி. 7 அடிக்கு 3 அடி அளவில் ஒரு கதவு. அது 21 சதுர அடி. 4 அடிக்கு 4 அடியில் இரண்டு சன்னல்கள், அவை 32. இவற்றைக் கழித்தால் 387. மேல்தளத்தின் அடிப்பக்கம் 120. ஆக மொத்தம் 507 சதுர அடி.

சில பெயிண்டர்கள் கதவு, சன்னல்களைக் கழிக்காமலே கணக்கிடுவார்கள். இதை ஏமாற்று என்று நினைத்துவிட வேண்டாம். சன்னல் ஓரங்களில் கோடு பிசகாமல் பூசுவதற்கு வெற்றுச் சுவரைவிட அதிக நேரம் பிடிக்கும். எது வழக்கம் என்பதை முதலிலேயே பேசி எழுதிக்கொண்டால் போதும். கூலி மட்டுமா, பொருளும் சேர்த்தா? எத்தனை பூச்சு? சுவரைச் சுரண்டிப் பட்டி பார்ப்பது யார் செலவு? பின்னால் எழும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காததால் வருபவையே.

இனி ஒரு சிறு கணக்கு. டப்பாவின்மேல், ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும் என்று எழுதியிருப்பார்கள். இரண்டு பூச்சுக்கும் சேர்த்து 100 சதுர அடி என்று கொள்வோம். 100 சதுர அடி என்பது ஏறக்குறைய 93,000 சதுர சென்டிமீட்டர். ஒரு லிட்டர் 1,000 கன சென்டிமீட்டர். வகுத்துப் பாருங்கள்: 0.0107 சென்டிமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு! அதிலும் பாதிக்கு மேல் நீராக ஆவியாகிவிடும். காய்ந்தபின் சுவரில் நிற்பது ஏறக்குறைய ஒரு தலைமயிரின் கனமே. இவ்வளவு மெல்லிய படலம் சுவரின் பள்ளத்தையோ வெடிப்பையோ எப்படி மறைக்கும்? வண்ணம் பூசும் வேலையில் பெரும்பகுதி பூசுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும் என்று அனுபவமுள்ள பெயிண்டர்கள் சொல்வதன் காரணம் இதுதான். கலவையில் அளவுக்கு மீறித் தண்ணீர் சேர்த்தால் இந்தத் தலைமயிர்க் கனமும் தேறாது.

சுவருக்குள் இருக்கும் தண்ணீர்

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்கிறது. பொங்கலோ ஜனவரி நடுவில். அதாவது, சுவர்கள் மிகுந்த ஈரத்தோடு இருக்கும் காலத்துக்கு அடுத்த சில வாரங்களிலேயே நாம் வண்ணம் பூசத் தொடங்குகிறோம்.

செங்கல்லும் காரையும் நுண்துளைகள் நிறைந்தவை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், தரையிலுள்ள ஈரம் நுண்புழை ஏற்றத்தால் சுவரில் மேலேறுகிறது. கரைந்த உப்புகளையும் கூடவே கொண்டு வருகிறது. நீர் ஆவியானதும் உப்பு படிகமாகி வெள்ளைப் பஞ்சுபோல் தங்கிவிடும். இதைத்தான் உப்புப் பூத்தல் என்கிறோம். அதன்மேல் காற்றுப் புகாத பெயிண்டைப் பூசினால், வெளியேற வழியில்லாத நீரும் வளரும் படிகங்களும் படலத்தை உள்ளிருந்து தள்ளும். முதலில் கொப்புளம், பிறகு உரிசல். புதுப் பெயிண்டுக்கான பணம் அடுத்த மழைக்குள் செதிலாகத் தரையில் கிடக்கும்.

ஈரத்தைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஓர் அடிச் சதுரமுள்ள பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் இடைவெளியின்றி ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்பக்கம் நீர்த்துளிகள் கட்டியிருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அறைக்காற்றில் ஈரம் மிகுதி. முன்னதானால் ஒழுகும் குழாயையோ மாடிக் கசிவையோ தேடிச் சரிசெய்ய வேண்டும்; பின்னதானால் சன்னலைத் திறந்து வைத்தாலே போதும்.

இங்கே நம் பழைய வெள்ளையடிப்பைப் பற்றிச் சொல்லாமலிருக்க முடியாது. சுண்ணாம்புக் கல் அல்லது கிளிஞ்சலைக் காளவாயில் சுடும்போது கால்சியம் கார்பனேட் சிதைந்து கரியமில வாயு வெளியேறுகிறது. 100 கிலோ தூய சுண்ணாம்புக் கல்லில் 44 கிலோ வாயுவாகப் போய்விட, 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் நீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீர்த்த சுண்ணாம்பாகிறது. (இதை நீங்கள் செய்யவேண்டாம். கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும்.) சுவரில் பூசியபின் நீர்த்த சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக ஏற்று மறுபடியும் கல்லாகிறது. காளவாயில் இழந்த 44 கிலோவைச் சுவரில் இருந்தபடியே திரும்பப் பெறுகிறது!

இந்த மாற்றத்துக்குச் சிறிது ஈரம் தேவை. எலும்பாய்க் காய்ந்த சுவரில் சுண்ணாம்பு பொடியாக உதிரும். காய்ந்தபின் உண்டாகும் படலத்திலும் நுண்துளைகள் இருப்பதால் சுவரின் ஈரம் அதன் வழியே வெளியேறலாம். எனவே மழைக்காலம் முடிந்த கையோடு சுண்ணாம்பு அடித்த பழைய வழக்கத்தில் குறை காண இடமில்லை. அதே நாளில் அதே சுவரில் பால்மப் பெயிண்டு அடிப்பதுதான் பொருந்தாதது. பொருள் மாறிவிட்டது, நாளை மாற்ற நாம் மறந்துவிட்டோம்.

பால்மப் பெயிண்டில் நடப்பது வேறு. அதில் பலபடிப் பொருளின் நுண்துளிகள், பாலில் கொழுப்புத் துளிகள் மிதப்பதுபோல், நீரில் மிதக்கின்றன. நீர் ஆவியாகும்போது அவை நெருங்கி, ஒன்றையொன்று நசுக்கி, ஒரே தாளாக இணைகின்றன. இணைந்தவை மறுபடி நீரில் பிரியமாட்டா. அதனால்தான் இந்தச் சுவரை ஈரத் துணியால் துடைக்கலாம். சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்தால் சட்டை வெளுக்கும்.

புதிதாகச் சிமெண்டு பூசிய சுவரானால் இன்னொரு தொல்லை உண்டு. ஈரமான புதுச் சிமெண்டு கடுங்காரம். அதன் பிஎச் மதிப்பு 12க்கு மேல். எண்ணெய்ப் பெயிண்டை அதன்மேல் பூசினால் எண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பாகிவிடும்! பெயிண்டு பிசுபிசுவென்று இளகி நிற்கும். இதைச் சோதிக்க மஞ்சள் தூளை நீரில் குழைத்து வெள்ளைத் தாளில் தடவிக் காயவையுங்கள். அதைச் சற்று நனைத்துச் சுவரில் அழுத்துங்கள். தாள் செக்கச் சிவந்தால் காரம் இன்னும் இருக்கிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதல்லவா, அதே வினைதான். தாள் சிவக்காவிட்டாலும் சுவரின் உட்பகுதி காரமாக இருக்கக்கூடும். ஆகவே புதுச் சுவரை நீர் தெளித்துப் பதப்படுத்தி, குறைந்தது 28 நாள் விட்டு, நன்றாக உலர்ந்தபின் தொடங்குவதே நல்லது.

வெண்மை எங்கிருந்து வருகிறது?

சுண்ணாம்பு அடித்தவுடன் சுவர் திட்டுத் திட்டாகத் தெரியும். "சரியாகப் பிடிக்கவில்லையே" என்று வீட்டார் கவலைப்படுவார்கள். மறுநாள் அதே சுவர் பளிச்சென்று இருக்கும். காரணம் ஒளிவிலகல் எண். சுண்ணாம்பின் எண் சுமார் 1.6, நீருக்கு 1.33; காற்றுக்கு 1. துகள்களுக்கிடையே நீர் இருக்கும்போது வேறுபாடு குறைவு. ஒளி அதிகம் சிதறாமல் ஊடுருவி, பின்னாலுள்ள அழுக்கைக் காட்டிவிடும். நீர் போய்க் காற்று நிறைந்ததும் ஒளி சிதறி வெண்மை பிறக்கிறது.

பால்மப் பெயிண்டில் துகள்களைச் சூழ்ந்திருப்பது காற்றல்ல, பலபடிப் பொருள். அதன் எண் ஏறக்குறைய 1.5. சுண்ணாம்புத் துகள் அங்கே எடுபடாது. அதனால் 2.7 எண் கொண்ட டைட்டானியம் டையாக்சைடைச் சேர்க்கிறார்கள். இது கிடைக்கும் இல்மனைட் கனிமம் நமக்கு அயலானது அல்ல. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இருக்கிறது. கரிய மணலிலிருந்து வருகிறது அந்த வெள்ளை நிறம்!

வெள்ளையில் சிறிது நீலம் கலப்பதையும் பார்த்திருப்பீர்கள். நீலம் சுண்ணாம்பின் இலேசான பழுப்பு மஞ்சளைச் சமன் செய்கிறது. சுவர் திருப்பியனுப்பும் ஒளி உண்மையில் சற்றுக் குறைகிறது. கண்ணோ அதை அதிக வெண்மை என்று எடுத்துக்கொள்கிறது. வண்ணத்தைக் கடையின் சிறு அட்டையைப் பார்த்து முடிவு செய்யாமல், இரண்டடிச் சதுரம் சுவரிலேயே பூசி, பகலிலும் இரவு விளக்கிலும் பார்ப்பது நல்லது.

பழைய பெயிண்டில் ஈயம்

இது சற்றுக் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. 1904ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் கண் மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன், குழந்தைகளைத் தாக்கிய ஈய நஞ்சுக்கு மூலகாரணம் வீட்டுத் தாழ்வாரக் கைப்பிடிகளிலும் சுவர்களிலும் பூசிய பெயிண்டே என்று எழுதினார். வெயிலில் பொடியான பெயிண்டு விரல்களில் ஒட்டி, நகம் கடிக்கும்போதும் விரல் சூப்பும்போதும் உடலுக்குள் போயிற்று. 1921இல் ஜெனீவாவில் கூடிய உலகத் தொழிலாளர் மாநாடு கட்டடங்களின் உட்புறத்தில் வெள்ளை ஈயத்தைப் பயன்படுத்துவதைப் பெரும்பாலும் தடை செய்யும் உடன்படிக்கையை ஏற்றது. ஆனால் உலகம் முழுவதும் ஈயம் நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டுகளுக்குத் தடை வந்தது 1978இல். இந்தியாவில் 2016இல் அறிவித்த விதிகள் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது.

எனவே அதற்கு முன் கதவிலும் சன்னல் கம்பியிலும் அடித்த எண்ணெய்ப் பெயிண்டில், குறிப்பாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிறங்களில், ஈயம் இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஈயம் வளரும் மூளையைத் தாக்குகிறது. இவ்வளவுவரை தீங்கில்லை என்று சொல்லக்கூடிய அளவே இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

பெயிண்டு உறுதியாக ஒட்டியிருக்கும்வரை ஆபத்து குறைவு. வெறும் உப்புத்தாளால் தேய்க்கும்போதுதான் அது தூசியாகி வீடெங்கும் பரவுகிறது. ஆகவே தண்ணீர் தெளித்து நனைத்தபடி தேய்க்கச் சொல்லுங்கள். ஊதுவிளக்கால் சுட்டு உரிப்பது கூடவே கூடாது. ஈயப் புகை எழும். தம்பி தங்கைகளையும், கருவுற்றிருக்கும் அக்கா அண்ணிமாரையும் அந்த நாட்களில் வேறு வீட்டில் இருக்கச் செய்யலாம். தேய்த்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்ப்பவர் கூலிக்கு வந்தவர்தானே என்று விட்டுவிடலாமா? நம் வீட்டில் மூன்று நாள் தூசி என்றால், அவருக்கு ஆண்டு முழுவதும் தூசி. நல்ல முகமூடியும், சாப்பிடுமுன் கை கழுவச் சோப்பும் நீரும் திட்டத்தில் சேர்ந்த செலவுகளே.

இனி நாள் கணக்கு. போகியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஓர் அறைக்குச் சுரண்டவும் கழுவவும் ஒரு நாள். பட்டி பார்த்துக் காயவிட ஒரு நாள். தேய்த்து முதற்பூச்சுக்கு ஒரு நாள். வண்ணப் பூச்சு இரண்டுக்கும் இரண்டு நாள். மூடுபனி அதிகமானால் ஒவ்வொன்றும் தாமதமாகும். அறைக்குள் வரிசை மேலிருந்து கீழ்: மேல்தளம், சுவர், கடைசியில் மரவேலை. மூன்று அறைகளையும் ஒரே நாளில் பிரித்துப் போட்டுவிட்டால் இரவில் படுக்க இடமிருக்காது. ஓர் அறை காயும்போது அடுத்ததைச் சுரண்டலாம்.

வேலை முடிந்ததும் மிஞ்சிய பெயிண்டைச் சிறு டப்பாவில் ஊற்றி, காற்றுப் புகாமல் மூடி, வண்ணத்தின் பெயர், எண், தேதி, எந்த அறை என்பதை மேலே எழுதிப் பரணில் வையுங்கள். ஆணி பிடுங்கிய இடத்தை அடைக்க ஒரு தேக்கரண்டிப் பெயிண்டு தேவைப்படும்போது கடையில் அதே நிழலைத் தேடி அலைய வேண்டியிராது.