நெபுலைசருக்கு அடங்காத சத்தம்

என் மகளுக்கு இருந்தது வீசிங் இல்லை. இடது நுரையீரலுக்கான தமனி, வலது தமனியிலிருந்து கிளம்பி, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே புகுந்து இடப்பக்கம் போயிருந்தது. உண்டிவில் வாரைப் போல மூச்சுக்குழாயைப் பின்னாலிருந்து இறுக்கும். பல்மனரி ஆர்ட்டரி ஸ்லிங் என்பார்கள். மிக அரிது.

மாமியார் மாந்தம் என்று உரைமருந்து கொடுத்தார். குழந்தை டாக்டர் மாதக்கணக்கில் நெபுலைசர் வைக்கச் சொன்னார். மூச்சை இழுத்தாலும் விட்டாலும் கரகரவென்று சத்தம். பால் குடிக்கும்போது நெஞ்சுக்குழி உள்ளே போகும், உதடு நீலம் பாரிக்கும். மருந்துக்கு அடங்கவில்லையே என்றதற்கு, "முதல் குழந்தையாம்மா?" என்றார். அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை.

எல்லாவற்றையும்விட எங்களைக் கெடுத்தது ஓர் எக்கோ ரிப்போர்ட். ஓட்டை இல்லை, வால்வு சரி, நார்மல் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நுரையீரல் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தை யாரும் பார்க்கவில்லை. அதன்பின் எங்கே போனாலும் அந்தத் தாளைப் பார்த்ததும், இதயத்தில் ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். நிமோனியா வந்து ஐ.சி.யூ.வில் கிடந்தபோது, இரவு டியூட்டியில் இருந்த சின்ன வயசு டாக்டர்தான் சி.டி. ஆஞ்சியோ எடுக்கவைத்தார். படத்தில் தெளிவாகத் தெரிந்தது.

அதனால், எக்கோ எடுக்கும்போதே கேளுங்கள்: "இடது பல்மனரி ஆர்ட்டரி எங்கேருந்து கிளம்புது, பார்த்தீங்களா டாக்டர்?" முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஆபரேஷன் தேதி குறிக்கும் முன் பிராங்கோஸ்கோபி செய்யாமல் விடாதீர்கள். மூச்சுக்குழாய்க் குருத்தெலும்பு லாடம் போல் பின்பக்கம் திறந்திருக்க வேண்டும். இந்தக் குழந்தைகளில் பலருக்கு அது முழு வளையமாகவே இருக்கும், குழாயே குறுகியிருக்கும். தமனியை மட்டும் மாற்றினால் அந்தக் குறுகல் அப்படியே நிற்கும். பக்கத்து ஊரில், "முதலில் தமனி, மூச்சுக்குழாயைப் பிறகு பார்க்கலாம்" என்றார்கள். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நகையை அடகு வைத்து, இதய சர்ஜனும் மூச்சுக்குழாய் சர்ஜனும் ஒரே தியேட்டரில் நிற்கும் இடத்துக்குப் போனோம். வீண்செலவு என்று பேசிய உறவுக்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள். நாங்கள் செய்ததுதான் சரி.

நெஞ்செலும்பைத் திறந்து, ஹார்ட் லங் மெஷினில் போட்டு, தமனியை வெட்டி மூச்சுக்குழாய்க்கு முன்னால் கொண்டுவந்து பிரதான நுரையீரல் தமனியில் தைத்தார்கள். குறுகலான மூச்சுக்குழாயைக் குறுக்கே வெட்டி, இரண்டு பாதியையும் நீளவாக்கில் பிளந்து, ஒன்றின்மேல் ஒன்றைச் சறுக்கித் தைத்தார்கள். நீளம் குறைந்து அகலம் கூடும். பிறகு வெண்டிலேட்டர், டியூப், வார்டு.

வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச காலம் சத்தம் இருக்கும். "இத்தனை செலவு பண்ணியும் போகலியே" என்று உங்கள் வீட்டிலும் கேட்பார்கள். இறுக்கத்தில் நசுங்கிக் கிடந்த குழாய் கெட்டிப்பட நாளாகும் என்று சொல்லிவிட்டு, அடுத்த செக்கப்புக்குக் கிளம்புங்கள். தைத்த இடம் சுருங்காமல் இருக்கிறதா என்று அங்கே பார்க்கச் சொல்லுங்கள்.