திசைவியில் தாங்ககம் எவ்வளவு வேண்டும்?

இணையவழிச் செல்லும் செய்திகள் யாவும் 'பாக்கெட்' எனப்படும் சிறு பொதிகளாகப் பகுக்கப்பட்டே பயணம் செய்கின்றன. அவற்றை உரிய தடத்தில் செலுத்தும் கருவியே 'ரூட்டர்' என வழங்கும் திசைவி. தடம் ஏற்பதைவிட மிகுதியான பொதிகள் ஒரே வேளையில் வந்து சேருமாயின், எஞ்சியவை காத்திருக்க ஓரிடம் வேண்டும். அதுவே 'பஃபர்' எனும் தாங்ககம். அதன் தக்க அளவு யாது என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

பழைய விதி

நிரம்பிய தாங்ககத்தில் இடம்பெறாத பொதி இழக்கப்படும். இழப்பை அறிந்த கணிப்பொறி, தான் அனுப்பும் அளவைப் பாதியாகக் குறைத்துச் சற்றே ஓயும். அவ்வேளையில் தடம் வெறுமையாகாதிருக்கத் தாங்ககத்தில் போதிய இருப்பு வேண்டும். ஆகவே, தடத்தின் வேகத்தைப் பொதி சென்று மறுமொழி திரும்பும் நேரத்தால் பெருக்கி வருவதே தக்க அளவு எனக் கொள்ளப்பட்டது. வில்லமிசார், சாங் ஆகியோரின் 1994ஆம் ஆண்டு ஆய்வு இதற்குச் சான்றாகக் காட்டப்படும். நொடிக்கு 1,000 கோடி பிட் செல்லும் தடத்தில் அந்நேரம் கால் நொடி எனின், 250 கோடி பிட் கொள்ளும் தாங்ககம் தேவை.

புதிய விதி

2004ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அப்பென்செல்லர், கெஸ்லாசி, மெக்கியோன் ஆகிய மூவரும் இதனைத் திருத்தினர். பெருந்தடத்தில் பல்லாயிரம் ஓட்டங்கள் உள்ளன. அவை ஒருசேரத் தளர்வதில்லை. ஒன்று தளரும்போது மற்றொன்று ஓங்குகிறது. எனவே பழைய அளவை ஓட்டங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் போதும் என்றனர். ஓட்டங்கள் 10,000 எனின் வகுக்கும் எண் 100. மேற்கூறிய தடத்திற்கு 2.5 கோடி பிட்டே போதும்.

மிகுதியின் கேடு

ஓட்டங்கள் சிலவேயுள்ள வீட்டுத் தடத்திற்கு இவ்வகுத்தல் பொருந்தாது. எனினும், நினைவகம் மலிந்தமையால் அங்கும் தேவைக்கு மிஞ்சிய தாங்ககங்கள் அமைக்கப்பட்டன. நொடிக்கு 10 லட்சம் பிட் செல்லும் தடத்தில் 256 கிலோபைட் தாங்ககம் நிரம்பின், இறுதிப் பொதி ஏறத்தாழ 2 நொடி காத்திருக்கும். உரையாடுவோர் பேச்சு தடைப்படும். இழப்பு காலந்தாழ்ந்து நிகழ்வதால், அனுப்புவோரும் நெரிசலை உடனே உணரார். இக்கேட்டினை 2010ஆம் ஆண்டில் ஜிம் கெட்டிஸ் வெளிப்படுத்தினார். 2012ஆம் ஆண்டில் நிக்கல்ஸ், ஜேக்கப்சன் இருவரும் 'கோடெல்' முறையை வகுத்தனர். காத்திருப்பு 5 மில்லிநொடிக்குக் குறையாமல் 100 மில்லிநொடி நீடிப்பின், பொதியை விலக்கி அனுப்புவோர்க்கு அது குறிப்புணர்த்தும்.

முடிவுரை

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது கருவிக்கும் பொருந்தும். தாங்ககத்தை அது கொள்ளும் பொதிகளால் மட்டும் அளத்தல் தகாது. பொதி அங்கே காத்திருக்கும் நேரத்தாலும் அளத்தல் வேண்டும்.