மீசப்புலிமலைக்குப் போகிறாயா? முதலில் காற்றுக்குத் தயாராகு

தங்கச்சி, மீசப்புலிமலை படங்களைப் பார்த்துவிட்டுத்தான் நீ கிளம்புகிறாய் என்று தெரியும். பச்சைப் புல்வெளி, காலுக்குக் கீழே மேகம், அதன் நடுவே கையை விரித்து நிற்கும் ஆட்கள். அந்தப் படங்கள் எதிலும் காற்று தெரியாது. அந்த மலையில் உன் நாள் நல்லபடியாக முடியுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பதே காற்றுதான்.

உயரம் 2,640 மீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆனைமுடிக்கு (2,695 மீட்டர்) அடுத்த சிகரம். கயிறு கட்டி ஏற வேண்டிய பாறை எதுவும் இல்லை. குன்று குன்றாக ஏறி, இறங்கி, மறுபடி ஏறிப் போகிற பாதை. நல்ல உடம்போடு இருக்கிற யாரும் ஒரே நாளில் போய்த் திரும்பலாம். ஆனால் சோலைக்காட்டை விட்டு வெளியே வந்ததும் ஒதுங்க மரம் கிடையாது. மலைமுகட்டின் கிழக்குப் பக்கம் தேனி மாவட்டச் சமவெளி வரை ஒரேயடியாக இறங்கும் சரிவு. போடிப் பக்கத்துச் சமவெளிக்கும் இந்த உச்சிக்கும் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் வித்தியாசம். சரிவில் மோதி மேலே ஏறும் காற்று முகட்டில் நெருக்கிக்கொண்டு வேகமெடுக்கும். இரண்டு குன்றுகளுக்கு நடுவே இருக்கும் தாழ்வுகளில்தான் அதன் முழு வேகமும் தெரியும். அங்கே ஆளையே ஒரு எட்டு தள்ளி வைக்கும்.

இப்போது கணக்கைப் பார். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும். மூணாறில் நீ தங்கும் அறை வாசலில் 16 டிகிரி என்றால் உச்சியில் 10 டிகிரிதான். மணிக்கு 40 கிலோமீட்டர் காற்றும் சேர்ந்தால் அந்த 10 டிகிரி உடம்புக்கு 6 டிகிரி மாதிரி உறைக்கும். வியர்வையில் நனைந்த துணியோடு நின்றால் இன்னும் மோசம். அதனால்தான் ஸ்வெட்டரை நம்பாதே என்கிறேன். பின்னல் ஸ்வெட்டரில் காற்று சல்லடையில் போவது போலப் போய்விடும்.

துணியை இப்படி எடுத்து வை. உடம்போடு ஒட்டி, சீக்கிரம் காய்கிற பாலியெஸ்டர் டி-ஷர்ட். அதன் மேலே மெல்லிய ஃபிளீஸ். அதற்கும் மேலே காற்றும் தண்ணீரும் உள்ளே போகாத, தொப்பி வைத்த ஜாக்கெட். இந்த மூன்றாவதில் காசு மிச்சம் பிடிக்காதே. பருத்தி டி-ஷர்ட்டும் ஜீன்ஸும் வேண்டவே வேண்டாம், நனைந்தால் நாள் முழுக்கக் காயாது. போன்ச்சோ மாதிரி மழைக்கோட்டு இந்த மலைக்கு ஆகாது. காற்று உள்ளே புகுந்து பாய்மரமாக விரித்துவிடும், கால் வைக்கும் இடமே தெரியாமல் போகும். குடையைப் பற்றிப் பேசவே வேண்டாம். துப்பட்டா, ஸ்டோல் எதுவும் தொங்கவிடாதே. தலைமுடியை இறுக்கப் பின்னிக்கொள், விரித்த முடி கண்ணில் அடித்துக்கொண்டே இருக்கும். காதை மூடுகிற குல்லா ஒன்று கட்டாயம். நம் ஊர் மங்கி கேப்பே போதும், அழகு பார்க்காதே.

ஜாக்கெட் வைத்திருப்பதை விட, அதை எப்போது போடுவது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. ஏறும்போது போட்டுக்கொண்டால் வியர்த்து உள்ளே நனையும். குளிர் தெரிந்த பிறகு போட்டால் தாமதம். முகட்டுக்கு ஐந்து நிமிடம் முன்னால், இன்னும் சரிவின் மறைவில் இருக்கும்போதே நின்று போட்டுக்கொள். அதேபோல உட்கார்ந்து சாப்பிடவும் படம் எடுக்கவும் காற்றுக்கு மறைவான பக்கத்தைத் தேடு. நடக்கும் வரை உடம்பு சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். நின்ற பத்தாவது நிமிடம்தான் பல் கிட்டிக்கும்.

கூட வருபவர்களையும் பார்த்துக்கொள். ஒருத்தி நடுங்குகிறாள், பேச்சு குழறுகிறது, காலடி தடுமாறுகிறது, ‘எனக்கு ஒண்ணுமில்லை, விடுங்க’ என்று ஒரு மாதிரி அசட்டையாகப் பேசுகிறாள் என்றால் அது சோம்பல் இல்லை. உடம்புச் சூடு இறங்குகிறது. உடனே கைடிடம் சொல். காற்று படாத இடத்தில் உட்கார வைத்து, ஈரத்துணியை மாற்றி, தலையை மூடி, சுயநினைவோடு விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் சூடாக இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுக்க வேண்டும். இதற்காகத்தான் சின்ன ஃப்ளாஸ்க்கில் சர்க்கரை தூக்கலாகச் சுக்கு காப்பி கொண்டுபோகச் சொல்கிறேன்.

இனி கைடு. இந்த மலைக்கு முறையாகப் போகும் வழி கேரள வன வளர்ச்சிக் கழகத்தில் முன்பதிவு செய்து, அவர்கள் அனுப்பும் கைடோடு போவதுதான். அடையாள அட்டையைக் கையோடு வை. சனி, ஞாயிறு தவிர்த்து ஒரு வார நாளில் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. முதல் நாளே மூணாறு போய்த் தூங்கிவிடு. இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து காலையில் ஏறுவது உடம்புக்குச் செய்கிற அநியாயம். தோட்டச் சாலைக்கு மேலே ஜீப் போகும் பாதை குலுக்கி எடுக்கும், வாந்தி வரும் உடம்பு என்றால் இட்லி இரண்டோடு நிறுத்திக்கொள்.

மூணாறு வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அந்தப் பக்கம் தமிழ் பேசினால் போதும், மொழிக்குக் கவலைப்படாதே. கைடைப் பார்த்ததும் ‘அண்ணா, இன்னைக்குக் காத்து எப்படி?’ என்று கேள். அவர் எதிர்க்குன்றின் மேகத்தைப் பார்த்துச் சொல்கிற பதில், உன் போன் காட்டும் வானிலையை விட நம்பகமானது. போன் சொல்வது மூணாறு டவுனுக்கு, அவர் சொல்வது அந்த முகட்டுக்கு. ஆஸ்துமா, பிரஷர், சர்க்கரை, முட்டிவலி, எது இருந்தாலும் கிளம்பும் முன்பே அவரிடம் சொல்லிவிடு. இன்ஹேலர் பையின் அடியில் கிடக்கக் கூடாது, ஜாக்கெட் பாக்கெட்டில் இருக்கட்டும்.

அவருக்கு முன்னால் நடக்காதே. மூடுபனி இறங்கினால் பத்தடியில் இருப்பவர் தெரியமாட்டார். புல்வெளியில் மாடு போன தடமும் மனிதர் போன தடமும் ஒன்றாகவே தெரியும். பனி கவிந்தால் அந்த இடத்திலேயே நின்று குரல் கொடு, தேடிப் போகாதே. நூறு, இருநூறு சேர்த்துக் கொடுத்து ‘அந்தப் பக்கம் கொஞ்சம் கூட்டிட்டுப் போங்கண்ணா’ என்று யாராவது அவரை வற்புறுத்தினால் நீ அதற்கு ஆமாம் போடாதே. கிளம்பும்போதே ‘எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பணும்?’ என்று கேட்டு வைத்துக்கொள். கடைசிக் குன்றின் அடியில் நின்று அவர் ‘போதும், திரும்பலாம்’ என்றால் வாதாடாமல் திரும்பிவிடு. எனக்கு உச்சிப் படம் வேண்டாம், நீ இறங்கி வந்தாய் என்ற போன் வேண்டும்.

இதில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2018 மார்ச் 11 அன்று, இதே மலைத்தொடரின் தேனிப் பக்கம், குரங்கணிச் சரிவில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் உயிர் போனது. அவர்களில் உன் வயதுப் பெண்கள் பலர். காய்ந்த புல்லில் பிடித்த தீ சரிவில் மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு யாராலும் ஈடுகொடுத்து ஓட முடியாது. அதற்குப் பிறகு தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே கொண்டுவந்தது. கோடையில் பாதையை மூடினால், ‘வேற வழி தெரியும், நான் கூட்டிட்டுப் போறேன்’ என்று சொல்கிற ஆள் யாராக இருந்தாலும் அவரோடு போகாதே. கூட வருபவர்கள் பையில் தீப்பெட்டி, சிகரெட் இருந்தால் ஜீப்பிலேயே விட்டுவிட்டு வரச் சொல். புல் காய்ந்த நாளில் ஒரு பொறி போதும்.

இடியும் அப்படித்தான். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் மதியத்துக்கு மேல் மேகம் கறுத்துத் திரளும். மொட்டை முகட்டில் உயரமாக நிற்பது நீ ஒருத்திதான் என்பதை மறக்காதே. முதல் இடி காதில் விழுந்ததும் முகட்டை விட்டுக் கீழே இறங்கு, தனியாக நிற்கும் மரத்தடிக்குப் போகாதே.

நாள் எது என்று கேட்டாய். மழை ஓய்ந்த பிறகு, டிசம்பர், ஜனவரி. காலையில் புல்லில் உறைபனி கூட இருக்கலாம், ஆனால் வானம் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று, மழை, அட்டை மூன்றும் சேர்ந்து வரும். அப்போது வேண்டாம்.

அம்மா உன்னிடம் சொல்லாமல் விடுகிற விஷயம் ஒன்று உண்டு, அதை நான் சொல்கிறேன். மேலே கழிப்பறை கிடையாது. அதற்குப் பயந்து பல பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் ஏறுகிறார்கள். தலைவலி, தலைசுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கும். காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் தாகமும் தெரியாது. இரண்டு லிட்டர் கொண்டுபோய் வாய்வாயாகக் குடித்துக்கொண்டே போ. ஒரு பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். கரைத்து வை. போக வேண்டியிருந்தால் கைடு அண்ணனிடம் ‘கொஞ்சம் நில்லுங்க’ என்று சொன்னால் போதும், அவருக்குப் புரியும். ஓடைக்குப் பக்கத்தில் வேண்டாம். தனியாகப் போகாமல் ஒரு தோழியைத் துணைக்கு வைத்துக்கொள், காட்டெருமை நடமாடும் இடம் அது. டிஷ்யூவைக் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும் என்பதால் ஒரு ஜிப் கவரில் போட்டுக் கீழே கொண்டுவா.

மாதவிலக்கு தேதி மோதினால் போகவே கூடாது என்று ஒன்றுமில்லை. உன் உடம்பு உனக்குத் தெரியும். முதல் நாளில் சுருண்டு படுக்கிற ஆள் என்றால் தேதியை மாற்று. மற்றபடி கப் பழக்கம் இருந்தால் அது வசதி, ஆனால் மலையில்தான் முதல் முறை போட்டுப் பார்ப்பேன் என்று நிற்காதே. நாப்கின் என்றால் இரண்டு கூடுதலாக, பயன்படுத்தியதைப் போடக் கனமான கவர் ஒன்று, கை துடைக்க சானிடைசர். தேதி இல்லையென்றாலும் இந்தப் பொட்டலம் பையில் இருக்கட்டும், உனக்கு இல்லாவிட்டால் இன்னொருத்திக்கு உதவும்.

சாப்பாட்டுக்குப் புளியோதரையோ எலுமிச்சை சாதமோ டிபன் பாக்ஸில் கட்டிக்கொள். இடையில் கொறிக்கக் கடலை மிட்டாய், பேரீச்சம்பழம். விரல் விறைத்த கையால் பிரிக்க முடியாத பாக்கெட்டுகளை முந்தைய இரவே பிரித்துச் சின்ன டப்பாவில் போட்டு வை. வரையாடு வந்து நின்றாலும் எதையும் தூக்கிப் போடாதே.

ஷூ புதிதாக வாங்கினால் ஒரு மாதம் போட்டு நடந்து பழக்கு. அரை சைஸ் பெரிதாக இருக்கட்டும், இறங்கும்போது கால் முன்னால் சரியும். முதல் நாள் கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடு, இல்லையென்றால் பெருவிரல் நகம் கறுத்துவிடும். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். பையில் நான்கு கிலோ வைத்துக்கொண்டு மொட்டை மாடிப் படியில் தினம் ஏறி இறங்கு. இறங்குவதைத்தான் அதிகம் பழக வேண்டும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், கொஞ்சம் நின்றால் சரியாகும். முட்டியும் தொடையும் பழிவாங்குவது இறக்கத்தில்தான். இறக்கம் தொடங்கும் முன் கணுக்காலில் லேஸை இறுக்கிக் கட்டு, சின்னச் சின்ன எட்டாக வை, முட்டியைக் கொஞ்சம் மடக்கியே வைத்திரு. காற்று பலமாக அடித்தால் வெட்கப்படாமல் உட்கார்ந்துவிடு, அடங்கியதும் எழுந்து நட.

போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடு. சிக்னல் தேடித் தேடியே பேட்டரி தீரும், குளிரிலும் சீக்கிரம் இறங்கும். கிளம்பும் முன் எந்த வழி, யாரோடு, எத்தனை மணிக்குள் திரும்புவாய் என்று எனக்கு ஒரு மெசேஜ்.

இறங்கியதும் முதல் வேலை சாக்ஸை மாற்றுவது. காய்ந்த ஜோடி ஒன்றை ஜீப்பிலேயே விட்டு வை. கைடு அண்ணனுக்கு உன்னால் முடிந்ததைக் கையில் கொடுத்து நன்றி சொல். அடுத்த நாள் தொடை இறுகிப் போய்ப் படியிறங்க விடாது, படுத்துக் கிடக்காமல் கொஞ்சம் நட, சரியாகிவிடும். ஷூவை வெயிலில் காய வைக்காதே, பசை விட்டுவிடும். உள்ளே பேப்பரைத் திணித்து நிழலில் வை.