உயர்கல்விக்கு முன்னேற்பாடு: ஒன்பதாம் வகுப்பிலேயே செய்யத்தக்கவை

பாவு சீராக அமையாவிடில், ஊடை எவ்வளவு உயர்ந்த நூலாயினும் துணி செம்மைப்படாது. விதைக்கும் பருவம் தவறினால், பின்னர் இடும் எரு முழுப்பயன் தராது. இவை நம் அங்கத்தினர்களுக்குப் புதிய செய்திகள் அல்ல. நம் மக்களின் உயர்கல்வியும் அத்தகையதே. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பின்னரே கல்லூரியைப் பற்றி எண்ணத் தொடங்குவது பல குடும்பங்களில் வழக்கமாக இருந்து வருகிறது. போட்டி மிகுந்த கல்வி நிலையங்களைப் பொறுத்தவரை அது காலங்கடந்த முயற்சியாகும். இதனை இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடத்தில் ஆராய்வோம்.

தேர்வின் அமைப்பு

ஐ.ஐ.டி. எனப்படும் இக்கழகங்களுள் முதலாவது 1951-ஆம் ஆண்டு கரக்பூரில் தோன்றியது. சென்னைக் கழகம் 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் நிறுவப்பட்டது. இன்று நாட்டில் 23 கழகங்கள் உள்ளன. இவற்றில் பொறியியல் இளநிலைப் பட்டப் படிப்பில் சேர விரும்புவோர் முதலில் ஜே.இ.இ. மெயின் தேர்வு எழுத வேண்டும். அதில் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய மூன்றிலும் 25 வீதம் 75 வினாக்கள். காலம் மூன்று மணி நேரம். அதாவது ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 விநாடியே கிடைக்கும். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறினால் ஒன்று கழிக்கப்படும். இதில் முன்னணியில் நிற்கும் சுமார் இரண்டரை லட்சம் பேர் மட்டுமே ஜே.இ.இ. அட்வான்ஸ்டு என்னும் இரண்டாம் தேர்வுக்குத் தகுதி பெறுவர்.

இத்தகைய வேகமும் பிழையின்மையும் ஓராண்டில் வந்துவிடா. பத்தாம் வகுப்பில் முக்கோணவியலைப் பொருளுணர்ந்து கற்காத மாணவன், பதினோராம் வகுப்பில் ஒரு விசையை இரு கூறுகளாகப் பிரிக்க இயலாமல் திகைப்பான். இருபடிச் சமன்பாட்டில் தடுமாறுபவனுக்கு எறிபொருளின் இயக்கமும் விளங்காது. பிழை இயற்பியலில் தோன்றினாலும் அதன் வேர் கணிதத்திலேயே இருக்கும்.

சிறுசேமிப்பு முறை

நமது சிக்கன நிதி எவ்வாறு வளர்கிறதோ, அவ்வாறே படிப்பும் வளர்கிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து நாள்தோறும் பள்ளிப் பாடத்துக்கு மேல் அரை மணி நேரம் கணிதத்துக்கு ஒதுக்குவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 300 நாட்கள் என வைத்தாலும், இரண்டு ஆண்டுகளில் 300 மணி நேரம் சேர்ந்துவிடும். இதற்குப் பெருஞ்செலவில்லை. பள்ளிப் பாடநூலில் உள்ள கணக்குகளை விடையைப் பாராமல் செய்து, தவறியவற்றைத் தனி ஏட்டில் குறித்து, வாரம் ஒருமுறை மீண்டும் செய்வதே போதுமானது. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் பிள்ளையைத் தார் சுற்றவோ களை பறிக்கவோ அழைக்கலாகாது.

மொழியைப் பற்றி

ஜே.இ.இ. மெயின் தேர்வை 2021 முதல் தமிழிலும் எழுதலாம். ஆயினும் அட்வான்ஸ்டு தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலுமே நடைபெறுகிறது. ஆகவே தமிழ்வழியில் பயில்வோர், ஒன்பதாம் வகுப்பு முதலே ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் நேரான ஆங்கிலச் சொல்லை எழுதி வருதல் வேண்டும். நாளொன்றுக்கு மூன்று சொற்கள் போதும். பொருளைத் தாய்மொழியில் தெளிவாக அறிந்தவனுக்குச் சொல்லைக் கற்பது கடினமன்று.

பிரிவைத் தேர்ந்தெடுத்தல்

பத்தாம் வகுப்புக்குப் பின் எடுக்கும் பிரிவு சில வாயில்களைத் திறக்கும், சிலவற்றை அடைக்கும். கணிதம் எடுக்காதவர் மேற்கூறிய தேர்வின் வழியே பொறியியலுக்குச் செல்ல இயலாது. உயிரியல் எடுக்காதவருக்கு மருத்துவப் படிப்பு எளிதில் எட்டாது. மனம் உறுதிப்படாத மாணவர் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் அடங்கிய பிரிவை எடுப்பின் இரு வழிகளும் திறந்திருக்கும். ஆனால் சுமையும் அதற்கேற்ப மிகும் என்பதை முன்னரே உணர்தல் நன்று.

இங்கு பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்குத் தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை முதலிய தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. பத்தாம் வகுப்பு முடிந்ததும் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இவ்வுரிமை போய்விடும். கடனும் நின்று, உரிமையும் இழந்த நிலை எவருக்கும் நேரலாகாது.

பொருள் வசதி

எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வில் தேறினால், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். ஐ.ஐ.டி.யில் இளநிலைக் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் என்று கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்கு உட்பட்டோருக்கும், பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்க்கும் அக்கட்டணம் முழுவதும் விலக்கப்படுகிறது. ஒன்று முதல் ஐந்து லட்சம் வரை வருமானமுள்ளோருக்கு மூன்றில் இரண்டு பங்கு விலக்கு உண்டு. விடுதிச் செலவு வேறு. இதர பிற்படுத்தப்பட்டோருக்கான மத்திய அரசுப் படிவச் சான்றிதழ், மாநிலச் சாதிச் சான்றிதழினின்றும் வேறானது. அதனை உரிய ஆண்டில் புதிதாகப் பெறல் வேண்டும்.

மாற்று வழி

ஒரே வாயிலை நம்பி நிற்றல் விவேகமன்று. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பின் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது வீதம் 100, ஆக 200-க்குத் தரவரிசை அமைகிறது. எனவே நுழைவுத் தேர்வுக்காகப் பள்ளிப் படிப்பைப் புறக்கணித்தல் இரு வகையிலும் நட்டமாம்.

சங்கத்தின் கடமை

தனியொரு குடும்பத்தால் இயலாததைப் பலர் கூடிச் செய்வதே கூட்டுறவு. மாலையில் சங்கக் கட்டிடத்தின் ஓர் அறையைப் படிப்புக்குத் திறந்து விடலாம். தேர்வு விண்ணப்ப நாட்களை அறிவிப்புப் பலகையில் எழுதலாம். கல்லூரியில் பயிலும் அங்கத்தினர் பிள்ளைகள் விடுமுறையில் இளையோருக்குப் பாடம் சொல்லலாம். உபவிதிகள் இடங்கொடுக்குமாயின் பொதுநல நிதியிலிருந்து நூல்கள் வாங்கலாம்.

கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் சங்கத்து அங்கத்தினர்களின் பிள்ளைகளுள் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் பயில்வோர் எத்தனை பேர்?

2. அவர்களுள் வீட்டில் படிக்க இடமும் நேரமும் இல்லாதோர் யாவர்?

3. அவர்களுக்காக இம்மாதமே சங்கம் செய்யத்தக்கது யாது? அதனைப் பொறுப்பேற்று நடத்துபவர் யார்?