வரைபடத்தின் எல்லைகள்

நுழையும்முன்

பக்கம் பக்கமாக நீளும் அளவீடுகளைப் பார்த்த அளவில் உணர்த்துவது வரைபடம். கணினி அதனை நொடிப்பொழுதில் வரைந்து தருகிறது. ஆயினும், எதைக் காட்டுவது, எதை எல்லைக்கு வெளியே விடுவது என்னும் பொறுப்பு வரைபவரையே சாரும். அப்பொறுப்பை விளக்குகிறது இப்பாடம்.

மேட்பிளாட்லிப்

அமெரிக்க நரம்பியல் ஆய்வாளரான ஜான் ஹன்டர், வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளை ஆராய்வதற்காக ஒரு வரைகலைக் கருவியை உருவாக்கினார். பைத்தான் மொழியில் அமைந்த அது, மேட்பிளாட்லிப் என்னும் பெயரில் 2003ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. கட்டணமின்றிக் கிடைக்கும் இம்மென்பொருளை இன்று உலகெங்கும் அறிவியலாளர்கள் பயன்படுத்துகின்றனர்.

இரண்டு எல்லைகள்

இம்மென்பொருளில் வரையும் படத்திற்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று, படம் முழுவதையும் தாங்கும் தாள். நாம் வேறு அளவு குறிப்பிடாதபோது அதன் அகலம் 6.4 அங்குலம், உயரம் 4.8 அங்குலம். மற்றொன்று, தாளினுள் கிடையச்சும் நிலையச்சும் வகுக்கும் சட்டம். புள்ளிகளும் கோடுகளும் சட்டத்தினுள் இடம்பெறும். அச்சுகளின் எண்களும் பெயர்களும் சட்டத்திற்கும் தாளின் விளிம்பிற்கும் இடைப்பட்ட ஓரத்தில் அமையும்.

சட்டத்தைத் தாண்டும் கோட்டை மென்பொருள் அதன் விளிம்பிலேயே கத்தரித்துவிடும். கோட்டு வரைபடத்தில் விளிம்பின்மீது விழும் வட்டக்குறி பாதியாகத் தோன்றும். கத்தரிக்க வேண்டா எனக் கட்டளையிட்டால் அது முழுமையாகத் தெரியும். ஓரம் போதாவிடில் அச்சின் பெயர் தாளின் விளிம்பில் அறுபடும்.

அறுபடாமல் காக்க இருவழிகள் உள்ளன. முதலாவது, சட்டத்தைச் சுருக்கி ஓரத்தை அகலமாக்குதல். இதனால் தாளின் அளவு மாறாது. இரண்டாவது, படத்தைச் சேமிக்கும்போது எழுத்துகள் அனைத்தும் அடங்குமாறு தாளின் அளவையே மாற்றுதல். இதனால் நாம் குறித்த அகலம் மாறிவிடும். ஆய்விதழ் ஒன்று குறிப்பிட்ட அகலத்தில் படம் கேட்குமாயின், முதல்வழியே ஏற்றது.

தெரிந்து தெளிவோம்

டேனி கோஹன், ஐவன் சதர்லாந்து ஆகிய இருவரும் 1967இல் கோடுகளைக் கத்தரிக்கும் முறை ஒன்றை வகுத்தனர். அது சட்டத்தையும் சுற்றுப்புறத்தையும் 9 பகுதிகளாகப் பிரிக்கிறது. கோட்டின் இருமுனைகளும் சட்டத்தினுள் இருந்தால் கோடு முழுமையாக வரையப்படும். இரண்டும் ஒரே புறத்தில் வெளியே இருந்தால் நீக்கப்படும். மற்ற கோடுகள் சட்டத்தை வெட்டும் இடங்களைக் கணக்கிட்டு முடிவு செய்யப்படும்.

மறைந்த புள்ளிகள்

எழுத்து அறுபட்டால் கண் கண்டுகொள்ளும். தரவு விடுபட்டால் அதனைக் கண் அறியாது. நிலையச்சை 0 முதல் 50 வரை வகுத்தால், 80 என்னும் அளவீடு சுவடின்றி மறையும்.

மென்பொருள் கத்தரிக்கும் முன்பே மனிதரும் தரவைக் கத்தரிப்பதுண்டு. 1986 சனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் ஏவப்பட்ட 73 நொடிகளில் சிதைந்து, 7 பேர் உயிரிழந்தனர். முந்தைய இரவில், குளிர் ஏவூர்தியின் ரப்பர் வளையங்களைப் பாதிக்குமா என்று விவாதித்தவர்கள், வளையங்கள் சேதமுற்ற பயணங்களை மட்டுமே வெப்பநிலையோடு ஒப்பிட்டனர். அவற்றில் தெளிவான தொடர்பு தென்படவில்லை. சேதமுறாத பயணங்களையும் சேர்த்து விசாரணைக்குழு பின்னர் வரைந்தபோது உண்மை வெளிப்பட்டது. 18 பாகை செல்சியசுக்கு மேல் நிகழ்ந்த 20 பயணங்களில் 3இல் மட்டுமே சேதம். அதற்குக் கீழ் நிகழ்ந்த 4 பயணங்களிலும் சேதம். அதுவரை கண்ட மிகக் குறைந்த வெப்பநிலை ஏறத்தாழ 12 பாகை. சேலஞ்சர் புறப்பட்டபோது நிலவியதோ ஏறத்தாழ 2 பாகை.

ஆகவே, தரவு முழுவதையும் ஒருமுறையேனும் வரைந்து பார்த்த பின்னரே எல்லையை வகுக்க வேண்டும். ஏதேனும் வெளியே நிற்குமாயின், அதனைப் படத்தின் கீழ்க் குறிப்பிடுதல் வேண்டும். வரைபடத்தைக் காண்போரும் சட்டத்திற்கு அப்பால் யாது உளது என வினவப் பழகுதல் நன்று.

கற்பவை கற்றபின்

நாளிதழில் வெளிவந்த வரைபடம் ஒன்றைத் தேர்ந்து, அதன் அச்சுகள் எங்குத் தொடங்கி எங்கு முடிகின்றன, அவ்வெல்லைகள் எதனை மறைக்கக்கூடும் என்பதனை வகுப்பில் கலந்துரையாடுக.