ஆயக்காரனும் செலோத்தேயும் ஒரே மேல்வீட்டில்

வேதபாகம்: மத்தேயு 10:2-4; அப்போஸ்தலர் 1:13,14



2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. தமிழ்நாட்டின் 39 பாராளுமன்றத் தொகுதிகளுக்கும் அன்று ஓட்டுப்பதிவு. நம் சபையில் வருஷக்கணக்காய் ஒரே பாயில் உட்கார்ந்து ஜெபித்த இரண்டு சகோதரர்கள், அன்று எதிரெதிர் கட்சிகளுக்குப் பூத் ஏஜெண்டுகள். வாக்குச்சாவடி வாசலில் வார்த்தை முற்றிப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து நேரத்தில் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். பின்னால் போய்க் கேட்டேன். "அவரோட ஒரே அப்பத்தில நான் எப்படி பாஸ்டர் பங்கு வாங்குவேன்?" என்றார்.

அவருக்கு நான் காட்டின வேதபாகம்தான் இது. பன்னிரண்டு பேரின் பெயர்களை வாசித்துப் பாருங்கள். ஆயக்காரனாகிய மத்தேயு இருக்கிறான். கானானியனாகிய சீமோனும் இருக்கிறான். இதை கானான் தேசத்தான் என்றுதான் வேதாகமக் கல்லூரிக்குப் போகும்வரை நானும் நினைத்திருந்தேன்! அது ஊர்ப்பெயர் அல்ல. வைராக்கியக்காரன் என்று பொருள்படும் அரமேயச் சொல். லூக்கா அதையே கிரேக்கத்தில் செலோத்தே என்று எழுதுகிறார்.

கி.பி. 6-ல் ரோமர் வரி போடுவதற்காகக் குடிமதிப்பு எழுதினபோது, கலிலேயனாகிய யூதாஸ் கலகம் எழுப்பினான் (அப். 5:37). இராயனுக்கு வரி கொடுப்பது தேவனுக்கு விரோதம் என்பது அவன் கூட்டத்தாரின் எண்ணம். செலோத்தே என்ற பெயர் பிற்பாடு அந்த வழியில் வந்தவர்களுக்கே நிலைத்தது. சீமோன் அவர்களோடு எவ்வளவு தூரம் போனான் என்று வேதம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெயர்கொண்டவனுக்கு, கப்பர்நகூம் ஆயத்துறையில் உட்கார்ந்து, ரோமருக்கு அடங்கி ஆண்ட ஏரோதின் எல்லையில் வரி வாங்கினவன் எப்படித் தெரிந்திருப்பான்? யோசித்துப் பாருங்கள்.

இயேசு இந்த இரண்டு பேரையும் ஒரே படகில் ஏற்றினார், ஒரே பந்தியில் உட்காரவைத்தார். மேல்வீட்டில் பெந்தெகொஸ்தே நாளுக்காகக் காத்திருந்தவர்களிலும் இருவரும் உண்டு. ஒருமனப்பட்டு என்று எழுதியிருக்கிறது. அந்த ஒருமனத்துக்குள்ளே மத்தேயுவும் இருந்தான், சீமோனும் இருந்தான்! அபிஷேகம் வேண்டும், ஆனால் பக்கத்தில் இருப்பவன் வேண்டாம் என்று நாம் கேட்கலாமா?

ஓட்டுப் போடாதே, கட்சிப் பக்கம் போகாதே என்று நான் சொல்லவரவில்லை. பவுலைப் பாருங்கள். பெஸ்து சபை நடுவே உரத்த சத்தமாய் அவரைப் பைத்தியக்காரன் என்கிறான். பவுல் தன் சாட்சியில் ஓர் எழுத்தும் குறைக்கவில்லை, ஆனால் கனம்பொருந்தியவரே என்று கூப்பிட்டுத்தான் பதில் சொன்னார் (அப். 26:24,25).

இவ்வளவும் சொன்னபிறகு அந்தச் சகோதரர் தன் செல்போனை எடுத்தார். ஒரு தலைவரைக் கேலிசெய்கிற படம். "இது சபை குரூப்ல நீங்க அனுப்பினதுதானே பாஸ்டர்?" எனக்கு வாய் அடைத்துப்போனது. அதே தலைவருக்காக ஞாயிறுதோறும் பிரசங்க பீடத்தில் ஜெபிக்கிறவன் நான் (1 தீமோ. 2:1,2). அடுத்த ஆராதனையில் சபை முன்னே நின்று மன்னிப்புக் கேட்டேன். மனைவி மூன்று தரம் சொன்ன பிறகுதான் கேட்டேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

மே மாதத் திருவிருந்துக்கு இரண்டு பேரும் வந்தார்கள். ஒரே பாயில் இல்லை, அடுத்தடுத்த பாயில். ஜூன் 4-ல் ரிசல்ட் வந்தது. ஜெயித்த பக்கத்துச் சகோதரர் மேளதாளத்தோடு ஊர்வலம் போனார். மற்றவருடைய தாயார் அப்போது படுக்கையில் கிடந்தார்கள். அந்த வீட்டுக்கு முன்னே வந்ததும் இவரே முன்னால் ஓடி, "மேளத்தை நிறுத்துங்கப்பா, அம்மா தூங்குறாங்க" என்றாராம்.